தார் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள்

'சந்தியா ராகம்' படத்தில் கதையென்று பெரிதாக எதுவுமில்லை. மனைவியை இழந்த பெரியவர் கிராமத்தை விட்டுச் சென்னையில் உறவினர் வீட்டுக்கு வருகிறார். வாடகை வீடு, பற்றாத சம்பளம். கடைசியில் முதியோர் இல்லம். 1989இல் பாலு மகேந்திரா சொற்பச் செலவில் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. அதில் ஒரு காட்சி என்னை விடுவதே இல்லை. தெருவில் பிள்ளைகள் கீறிவைத்த பாண்டிக் கட்டத்தில், பெரியவராக நடித்த சொக்கலிங்க பாகவதர் தனியாக நொண்டியடித்து ஆடுவார். அவர் அழுதிருந்தால் இரக்கப்பட்டிருப்பேன். ஆடியதால், கூட ஆட யாராவது வரமாட்டார்களா என்று தவித்துப்போனேன்.

எங்கள் ஜலகண்டாபுரத்திலும் அப்படித் தனித்துப்போன, குழித்தறி நெய்த தாத்தா ஒருவர் இருந்தார். கைத்தறி ஓர் ஆளால் ஆகிற காரியமில்லை. விடிகாலையில் தெருவில் பாவு நீட்டி, அறுந்த இழையைப் பிணைத்துக் கஞ்சி போட நாலு பேர் வேண்டும். தறியில் உட்கார்ந்தபிறகு, பக்கத்தில் ராட்டையில் தார் சுற்ற, அதாவது குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குழலில் நூல் சுற்ற, ஒருவர் வேண்டும். தாத்தாவுக்கு அவர் மனைவி, ஆயா இருந்தார். நாடாவில் நூல் தீர்கிற நேரம் தறிச்சத்தத்திலேயே ஆயாவுக்குத் தெரியும்; தாத்தா கையை நீட்டும்போது அடுத்த தார் அங்கே இருக்கும். பகல் முழுக்க இருவரும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

ஆயா போனபிறகு அவரே குழியைவிட்டு ஏறி வந்து தார் சுற்றுவார், இறங்கி நெய்வார், தீர்ந்ததும் மறுபடி ஏறுவார். சுற்றிய தாரையே கூடையில் வாங்கி வைக்கிறேன் என்றார் மகன்.

"தார் கெடக்குது கண்ணு, நேரம் பாத்து எடுத்துக் குடுக்க ஆளு வேணுமில்ல" என்றார் தாத்தா என்னிடம்.

பிறகு விசைத்தறி வந்தது. ஒரே ஆள் நாலைந்து தறியைப் பார்த்துக்கொள்கிறார். அந்த இரைச்சலில் பேச்செல்லாம் கைச்சாடைதான். துணைக்கு ஆள் தேவைப்படாத வேலையாக நெசவு மாறியதை நான் இன்னும் இழப்பாகவே நினைக்கிறேன்.

அப்படியொரு துணையைத் திரையில் காட்டியது 'தலைமுறைகள்'. 2013 டிசம்பரில் வந்த அந்தப் படத்தில் பாலு மகேந்திராவே தாத்தாவாக நடித்தார், வழக்கமான தொப்பியில்லாமல். தமிழ் தெரியாத பேரனுக்கு அவர் தமிழ் சொல்லித்தர, பேரன் அவருக்கு ஆங்கிலம் சொல்லித்தருவான். இருவர் கையிலும் கொடுக்க ஏதோ இருக்கிறது. அதனால்தான் அந்த உறவை நம்பமுடிகிறது. அடுத்த பிப்ரவரியில் பாலு மகேந்திரா காலமானார்.

தன் படங்களான 'வீடு', 'சந்தியா ராகம்' இரண்டின் நெகட்டிவும் அழிந்துபோனதை அவர் வாழ்நாளிலேயே சொல்லி வருந்தியிருக்கிறார். மிஞ்சிய பிரதியையாவது காப்பாற்றி ஊர் ஊராகப் போட்டுக் காட்ட வேண்டும். எங்கள் தெருவில் திரை கட்ட நான் தயார். 'சந்தியா ராகம்' பேச்சு குறைந்த படம்; அன்றைக்கு ஒரு ராத்திரி தறியை நிறுத்திவைக்கும்படி வீடுவீடாகப் போய்க் கேட்கவேண்டும்.