மகப்பேற்று அறையில் மாணவி

கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் கோலா கெத்தில். கெடா மாநிலத்தின் பாலிங் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சூழ்ந்து ரப்பரும் செம்பனையும் பரந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் இத்தோட்டங்களில் பிள்ளைப்பேறு லயத்து வீட்டிற்குள்ளேயே நிகழ்ந்தது. மூத்த பெண்டிரும் கைப்பழக்கம் மிக்க மருத்துவச்சியுமே அன்று துணை. 1966 ஆம் ஆண்டில் மருத்துவச்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, பேறு பார்ப்போர் பதிவு பெற வேண்டும் என்னும் ஒழுங்கு வந்தது. இன்று தோட்டத்துத் தாய்மார் சுங்கைப்பட்டாணிக்கோ பாலிங்கிற்கோ மருத்துவமனையை நாடிச் செல்கின்றனர். தோட்டத்து மக்கள் ‘மிஸி’ என மதிப்போடு அழைக்கும் தாதியாக வேண்டும் என்ற கனவு, தமிழ்ப்பள்ளி மாணவியர் பலருக்கும் உண்டு. அக்கனவு மெய்ப்படும் இடமே பேற்றறைப் பயிற்சி.

பயிற்சிக்குச் செல்லும் மாணவி, குழந்தையைக் கையில் ஏந்தும் அந்நொடியையே பெரிதாக எண்ணுவாள். செயற்பதிவேட்டில் எத்தனை பேறுகள் நிரம்பின என்று எண்ணிப் பார்ப்பாள். அஃது இயல்பே. எனினும், கை தேர்ச்சி பெறுவதற்கு முன் கண்ணும் செவியும் நாவும் தேர்ச்சி பெற்றாக வேண்டும்.

முதற்கண் கையைத் தூய்மை செய்தல். இதனை எளிய அறிவுரை என்று ஒதுக்குதல் ஆகாது. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் அந்நாளில் இரு பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற பிரிவில், மருத்துவச்சி மாணவியர் பயின்ற பிரிவினும் இரு மடங்குக்கு மேலாகத் தாய்மார் பிரசவக் காய்ச்சலால் மாண்டனர். பிணங்களை அறுத்தாய்ந்த கையோடு மாணவர் பேற்றறைக்கு வருவதே காரணம் எனச் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் உணர்ந்தார். 1847 ஆம் ஆண்டு, சுண்ணாம்புக் குளோரைடு கரைத்த நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. கற்க வந்த கையே காலனின் கையாகவும் மாறக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அடுத்து வேண்டுவது, அளந்து எழுதும் பழக்கம். வயிற்றிலுள்ள குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை துடித்தல் இயல்பு. எண்ணாமலே ‘நன்று’ என்று எழுதுவது பொய்யெழுத்தாகும். குழந்தை பிறந்தபின் வழியும் குருதியைக் கண்ணால் மதிப்பிடுவோர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட தாய்மாரை உள்ளடக்கிய ஆய்வொன்று 2023 இல் வெளிவந்தது. அளவுக்கோடிட்ட விரிப்பில் குருதியைச் சேர்த்து அளந்து, சிகிச்சைகளை ஒருசேரத் தொடங்கிய மருத்துவமனைகளில், கடுங்குருதிப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் நேரும் இறப்பு ஆகியவை சேர்ந்த அளவு 60 விழுக்காடு குறைந்தது. மருந்து முன்னரே இருந்தது. அதனை உரிய நேரத்தில் அழைத்தது அளவு.

பணிமுறை தொடங்கும்போதே அவசர மருந்துத் தள்ளுவண்டியும் உயிர்வளியும் எங்குள்ளன என்று மாணவி கேட்டறிதல் வேண்டும். வேளைக்கு உண்டு, நீர் அருந்தி, இரவுப் பணிக்கு முன் உறங்கிச் செல்வதும் கடமையே. களைத்த கண் எண்ணைத் தவறாகப் படிக்கும்.

தாயிடம் செல்லும்போது, “அக்கா, நான் பயிற்சித் தாதி. வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா?” என்று இசைவு கேட்டல் முறை. வேண்டாம் என்று அவர் கூறின், முகம் சுளியாது விலகி நிற்றலே பண்பு. மலாய்மொழி நன்கு பேசவாராத தோட்டத்துத் தாய், தலைவலி என்றோ கண் இருட்டுகிறது என்றோ தமிழில் முணுமுணுக்கலாம். அவை குருதி அழுத்த மிகுதியின் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். அச்சொற்களை மொழிபெயர்த்து மூத்த தாதியிடம் அக்கணமே சேர்ப்பிப்பவள் அம்மாணவி. தாய்மொழி அறிவு அங்கே உயிர்காக்கும் கருவியாகிறது.

இவையனைத்திற்கும் மேலானது ஒன்றுண்டு. ‘எனக்குத் தெரியவில்லை, வந்து பாருங்கள்’ என்று கூச்சமின்றிச் சொல்லும் துணிவே அது. மூத்தோர் சினந்தால் என் செய்வது என்னும் அச்சத்தில் கழியும் சில நிமிடங்கள் ஒரு தாயின் உயிருக்கு விலையாகலாம். பத்து முறை அழைத்து ஒன்பது முறை வீணானாலும், பத்தாம் முறைக்காக அவள் அழைத்தே ஆகவேண்டும்.

இத்துணிவு பேற்றறை வாயிலில் திடீரென முளைப்பதன்று. வகுப்பறையில் ஐயம் கேட்ட சிறுமியை ஆசிரியர் எள்ளி நகைத்திருப்பின், அவள் வளர்ந்தபின் வாய் திறவாள். கணக்கில் விடை தெரியாதபோது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தெழுதப் பழகியவள், நாடித்துடிப்பையும் பார்த்தெழுதவே முனைவாள். மாறாக, ‘தெரியாது’ என்ற சொல்லைத் தண்டனையின்றி ஏற்று, ‘வா, சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லும் ஆசிரியர், என்றோ ஒருநாள் எங்கோ ஓர் இரவில், தாம் அறியாத ஒரு தாயின் உயிரைக் காக்கத் துணைநிற்கிறார்.