வெயிலைப் படித்தல்

புதுக்கோட்டைப் பக்கம் மலை பார்க்க வருகிறவர்களில் பலர் ஒரே ஒரு நாளோடுதான் வருகிறார்கள். காலையில் திருச்சியிலிருந்தோ காரைக்குடியிலிருந்தோ கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அந்த ஒரு நாளில் எந்தக் குன்று முதலில், எந்தக் கோயில் கடைசியில், எங்கே பேசுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்பதுதான் நான் கற்றுவரும் தொழில். சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எனக்கு அவர் ஐயா.

முதல் பாடத்தில் வரலாறே கிடையாது. “அரசன் பேரு, ஆண்டு எல்லாம் புத்தகத்துல இருக்கும்மா. நீ வெயிலைப் படி” என்றார். எங்கள் ஊர்க் குன்றுகள் பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். ஏறுகிற தூரம் கொஞ்சம்தான், ஆனால் ஒதுங்க நிழல் இருக்காது. பத்து மணிக்கு மேல் கல் சுட ஆரம்பித்துவிடும். அதனால் சித்தன்னவாசல் காலையில், குடுமியான்மலை நடை சாத்துவதற்குள், நார்த்தாமலை வெயில் சாய்ந்த பிறகு. இந்த வரிசைக்குக் காரணம் சொல்லத் தெரிந்த பிறகுதான் ஆட்களைக் கூட்டிப்போக விட்டார்.

சித்தன்னவாசலில் முதலில் ஏழடிப்பட்டம். படியேறி, மேலே போய், மறுபுறம் பாறை விளிம்பை ஒட்டி இறங்கினால் இயற்கையான குகைத்தளம். சமண முனிவர்கள் தங்குவதற்காக வழவழவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள், தலை வைக்கும் இடம் சற்று மேடாக. அவற்றில் ஒன்றை ஒட்டித் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமை. எருமி நாட்டில் பிறந்த ஒருவருக்காகச் செய்த இருக்கை என்பது அதன் செய்தி. எருமி நாடு மைசூர்ப் பக்கம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இங்கேதான் டார்ச் பிடிக்கக் கற்றேன். நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும், வெறும் கல்தான் தெரியும். டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போலப் படுக்க வைத்து, பக்கவாட்டில் மெல்ல நகர்த்த வேண்டும். அப்போது ஒவ்வொரு வெட்டின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழும். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கோடு, அதை வெட்டிக்கொண்டு இன்னொரு கோடு என்று எழுத்து எழுந்து வரும். அதைப் பார்க்கிறவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

கீழே வந்தால் அறிவர் கோயில். இங்கே நேர்மாறு: டார்ச் பைக்குள் போய்விட வேண்டும். சுண்ணப் பூச்சின் மேல் தீட்டிய 9-ஆம் நூற்றாண்டு ஓவியம், எஞ்சியிருப்பதே கொஞ்சம். வந்தவர்களைச் சும்மா நிற்கவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை நான் பேசுவதில்லை. பிறகு ஒரே ஒரு மீனைத் தேடச் சொல்வேன். விதானத்தில் மீன் கிடைத்துவிட்டால் தாமரைக் குளம் முழுக்கத் தானே விரியும்: யானை, எருமை, பறவைகள், பூப் பறிக்கிற ஆட்கள். தூணில் ஆடும் பெண்ணை இப்படிக் காட்ட முடியாது, நிறம் மங்கிவிட்டது. நீட்டிய கையிலிருந்து தொடங்கித் தோள், இடுப்பு என்று விரலைக் காற்றில் ஓட்டியே காட்ட வேண்டும்.

பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அந்த மண்டபம் நிற்கவில்லை. இப்போது முன்னால் இருப்பது சமஸ்தான நிர்வாகியாக இருந்த டாட்டன்ஹாம் கட்டியது, தூண்கள் குடுமியான்மலையிலிருந்து வந்தவை. இதைச் சொல்லிவிட்டு அந்த ஊருக்கே வண்டியைத் திருப்புவது ஐயாவின் பழக்கம். நானும் அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

குடுமியான்மலையில் சிகாநாதர் கோயில் சிற்பங்களுக்கே அரை நாள் வேண்டும். ஒரு நாள் பயணத்தில் நான் நேராக மேலைக்கோயில் குடைவரைக்குப் போய்விடுவேன். அதன் பக்கத்துப் பாறையில் 7-ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்களாகச் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். உருத்திராசாரியாரின் மாணவனான ஒரு மன்னன் செய்வித்தது. மகேந்திரவர்மன் என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள், அவன் பெயர் அதில் இல்லை. “இல்லாததை நீ சொல்லாதே” என்று ஐயா கண்டித்த இடம் இது. மாணவர்களுக்காக எழுதியது என்பதை அந்தக் கல்வெட்டே சொல்கிறது. எனக்கு அந்த ஒரு செய்தி போதும். பாறையைப் பாடப் புத்தகமாக்கிய ஊர் இது.

சாப்பாடு, வேண்டுமானால் திருக்கோகர்ணம் அருங்காட்சியகம். அதோடு மதியம் போய்விடும்.

நாலு மணிக்கு நார்த்தாமலை. மேலமலைப் பாறையில் ஏறுவதற்கு முன் எல்லோருடைய செருப்பையும் பார்க்க வேண்டும். வழுக்குகிற அடியாக இருந்தால் கழற்றச் சொல்வேன், அந்த நேரத்தில் கல் சுடாது. மழைநீர் வழிந்து கறுப்புப் பட்டையாக இருக்கும் இடத்தில் மிதிக்கக் கூடாது, பாசி வாரிவிடும். சொரசொரப்பான வெளிர்க் கல்லில் கால் வைத்து, இறங்கும்போது நேராக இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாக வர வேண்டும். வயதானவர்களுக்கு முன்னால் நான், பின்னால் அவர்கள் பிள்ளைகள்.

விஜயாலய சோழீச்சுரம் மேற்கு பார்த்த கோயில். சாயங்கால வெயில் முகப்பில் விழும்போது வாயிற்காவலர் இருவருக்கும் வயிறு, தொடை, விரல் எல்லாம் திரண்டு வரும். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். இதை வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது, கருவறையைச் சுற்றி நடக்க வைத்தால் புரிந்துவிடும். பெயரில் சோழன் இருந்தாலும் எடுத்தவன் சாத்தன் பூதி என்ற முத்தரையன். மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் புதுப்பித்தான். அரசனுடைய வெற்றியைப் பாடாமல் மழையில் இடிந்ததைச் சொல்லும் அந்தக் கல்வெட்டை நான் ஒருபோதும் விடமாட்டேன்.

எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஏறத்தாழ ஒரே மாதிரி 12 திருமால் உருவங்கள். ஆளுக்கு ஒன்றைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் வெளியே நிற்பேன். சந்தேகம் கேட்க அவர்களே வருவார்கள். அதற்கு முன் பேசத் தொடங்கக் கூடாது என்பது ஐயாவின் கட்டளை.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வரிசை செல்லாது. மேகம் மூடிய நாளில் நார்த்தாமலையைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, மழை வலுத்தால் குடைவரைக்குள் ஒதுங்கலாம். அந்த அட்டவணையை இப்போது நானே போடுகிறேன். ஐயா பார்த்துத் திருத்துகிறார்.

அடுத்தது திருமயம். கோட்டையும் பெருமாளும் எல்லோருக்கும் தெரியும். அங்கேயும் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது, பிற்காலத்தில் அதன் மேலேயே வேறு கல்வெட்டு வெட்டிவிட்டார்கள். சிதறிக் கிடக்கும் சில எழுத்துகளை எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். “குடுமியான்மலைய முழுசாப் பார்த்தவங்களுக்கு மட்டும் காட்டும்மா. அவங்களுக்குத்தான் என்ன போச்சுன்னு தெரியும்” என்றார். ஆகவே திருமயத்தை ஒரு நாள் பயணத்தில் சேர்ப்பதில்லை. இரண்டு நாள் ஒதுக்க முடியுமா என்று வருகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன்.