தோளிலிருந்து எதிர் இடுப்புவரை

பிளவுஸ் தைக்கத் தெரிந்தவளுக்கு அளவு என்றால் மார்பு, இடுப்பு, தோள், கை உயரம். அந்தக் கணக்கோடுதான் சென்னையில் குழந்தையைச் சுமக்கும் ரிங் ஸ்லிங் தைக்கிற ஒரு சிறு பட்டறையில் வேலை கற்கச் சேர்ந்தேன். பட்டறையை நடத்தும் அக்கா என் கையிலிருந்த இன்ச் டேப்பை வாங்கி, வேறு வழியில் ஓட்டிக் காட்டினார். வலது தோளில் வைத்து, மார்பைக் குறுக்காகக் கடந்து, இடது இடுப்பெலும்புக்குச் சற்று மேலே திருப்பி, முதுகு வழியாக மறுபடி அதே தோள். "துணி போற வழியில டேப்பும் போகணும்மா. மத்த அளவு இங்க வேணாம்."

எந்தத் தோள் என்பதையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். "குழந்தையை எந்தப் பக்கம் இடுக்குவீங்க?" என்பது அக்காவின் முதல் கேள்வி. வலது கை வேலைக்கு வேண்டும் என்பதால் பெரும்பாலும் இடது இடுப்பைச் சொல்வார்கள். அப்படியானால் ரிங் வலது தோள் பக்கம் வரும்.

வருகிற தாய்மார் சுடிதார் சைஸைச் சொல்லித்தான் கேட்பார்கள். அதை வைத்துத் துணி வெட்ட முடியாது. குள்ளமாக, பருமனாக இருப்பவருக்கும் உயரமாக, ஒல்லியாக இருப்பவருக்கும் இந்தக் குறுக்குச் சுற்று ஒரே அளவாக வந்துவிடுவதுண்டு. உடம்பின் நீளமும் மார்பின் பருமனும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. பால் கொடுக்கும் உடம்பு நாளுக்கு நாள் மாறுவதால், கர்ப்பத்துக்கு முந்தைய அளவு உதவாது. டேப்பை எடுத்ததும் "பிரசவத்துக்கு அப்புறம் ரொம்பப் பெருத்துட்டேன்" என்று கூசி வயிற்றை உள்ளிழுப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். மூச்சை விட்டுத் தளர்ந்து நிற்கச் சொல்கிறேன். அந்த உடம்புதான் குழந்தையைச் சுமக்கப்போகிறது, அதற்குத்தான் துணி பொருந்த வேண்டும். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ரிங் ஸ்லிங்கை 1981-இல் ஹவாயில் ரேனர் கார்னர் என்பவர் உருவாக்கினார். இரண்டு வளையங்களுக்கு நடுவே துணியை இழுத்து இறுக்கலாம் என்றானதும், ஒரே துணி பல உடம்புகளுக்குப் பொருந்தத் தொடங்கியது. வளையம் இல்லாத பவுச் அப்படி இல்லை. அது மூடிய வட்டமாகத் தைத்த துணி. கொஞ்சம் பெரிதானால் குழந்தை உள்ளே தொய்ந்து மடங்கும், மோவாய் நெஞ்சில் முட்டும், பச்சைக் குழந்தைக்கு மூச்சுக்கே ஆபத்து. இளைத்தாலும் பெருத்தாலும் பவுச்சின் அளவு தப்பிவிடும் என்பதால் அக்கா அதைத் தைத்துக் கொடுப்பதில்லை. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

ரிங் ஸ்லிங்குக்கும் அளவு உண்டு. சுற்று 55 இன்ச் வந்தால், குழந்தையின் பருமனுக்கும் தொங்கும் முந்திக்கும் சேர்த்து 75 இன்ச் அளவில் துணி வேண்டும். இறுக்கிய பிறகு ரிங்குக்குக் கீழே ஒரு சாண் முந்தியாவது மிஞ்ச வேண்டும். குறைந்தால், நழுவும் துணியைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. கைத்தறிப் பருத்தியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். ஐந்து சதவீதம் சுருங்கினால்கூட 75 இன்ச்சில் கிட்டத்தட்ட 4 இன்ச் போய்விடும். போவது அந்த முந்தியிலிருந்துதான்.

நீளம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். தோள்தான் கஷ்டம். 30 இன்ச் அகலத் துணியைக் கொசுவி ரிங்குக்குள் கொண்டுபோகிற இடத்தில், ஒடுங்கிய தோளுள்ளவருக்கு மடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்க வேண்டும். அகன்ற தோளென்றால் பரப்பிவிடலாம். மாற்றிச் செய்தால் துணி தோள் குமிழைத் தாண்டிக் கீழே இறங்கி, கையைத் தூக்கவிடாது. கழுத்துப் பக்கம் ஏறினாலோ பாரமெல்லாம் ஒரே கோட்டில் இறங்கும், அரைமணியில் கழுத்து கடுக்கும். தோள் வலிக்கிறது என்று யார் வந்தாலும் அக்கா முதலில் பார்ப்பது இந்த மடிப்பைத்தான். ரிங்குகள் ஒட்டுத்தெரியாத அலுமினிய வளையங்களாக இருக்க வேண்டும். பற்றவைத்த இரும்பு வளையம் எவ்வளவு பளபளத்தாலும் அக்கா தொடமாட்டார்.

தைத்து முடித்ததும் எடை ஏற்றிய பொம்மையை வைத்துப் பார்த்த பிறகே குழந்தை. வெறும் துணியாக மாட்டும்போது ரிங் தோளுக்கு அருகே உயர இருக்கும். குழந்தையை வைத்து இறுக்கியதும் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை துணி தாங்க வேண்டும், முழங்கால் புட்டத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். அம்மா குனிந்தால் நெற்றியில் முத்தமிட எட்ட வேண்டும், முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும்.

அப்பாக்கள் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். "நீங்களும் வாங்க தம்பி, ராத்திரி நீங்களும்தானே தூக்கணும்" என்று அக்கா உள்ளே கூப்பிட்டு அவர்கள் தோளிலும் டேப்பை வைப்பார். இருவர் அளவில் நீளமானதற்கே தைக்கிறோம். சிறிய உடம்புக்கு முந்தி முழங்கால்வரை தொங்கினால் மோசமில்லை, ரிங்கைச் சுற்றி ஒரு சுற்று சுற்றிச் செருகக் கற்றுக்கொடுத்துவிடலாம். தோள் அகலம்தான் இருவருக்கும் ஒத்துவராது. அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால், இரண்டாகத் தைத்துக்கொள்ளுங்கள் என்று இப்போது நானே சொல்கிறேன்.