சுகர் ஏறினால் யார் குற்றம்?

ஜூன் 4

வீட்டுக்குள் டைப் 1 சர்க்கரை நோய் வந்துவிட்டால் சாப்பாடு, தூக்கம், பள்ளி, பயணம் எல்லாம் ஊசியைச் சுற்றித்தான். பதற்றத்தில் யோசனை சிதறுகிறது; எழுதினால் நிற்கும் என்று இந்தக் குறிப்பு. பதின்ம வயதில் சுகர் ஏறினால் ‘பிள்ளைக்கு அலட்சியம்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த டிசிசிடி என்ற டைப் 1 சர்க்கரை நோய் ஆய்வு அந்தத் தீர்ப்பை அசைக்கிறது. அதில் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தும் தீவிர சிகிச்சை பெற்ற 13–17 வயதினருக்கு மருத்துவர், செவிலியர், உணவு ஆலோசகர் என ஒரு குழுவே துணை நின்றது. அப்படியும், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அவர்களுக்குச் சராசரியாக 8.06 சதவீதம், அதே சிகிச்சையில் பெரியவர்களுக்கு 7.12. பருவ வயதில் பெருகும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை முழுதாக வேலை செய்ய விடுவதில்லை என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். உடம்பு செய்வதற்கும் சேர்த்துப் பிள்ளை திட்டு வாங்குகிறது.

ஜூன் 5

எழுத எதுவும் ஓடவில்லை. கோபம்தான்.

ஜூன் 19

‘கண்டிக்காவிட்டால் கண் போகும், சிறுநீரகம் போகும்’ என்பார்கள். பயம் நியாயமானது: அதே டிசிசிடி ஆய்வில் தீவிர சிகிச்சை, கண் பாதிப்பு தோன்றும் அபாயத்தை 76 சதவீதம் குறைத்தது. சர்க்கரை எண் முக்கியம் என்பதால்தான் அதட்டல் ஆபத்து. திட்டுக்குப் பயந்த பிள்ளை சோதிப்பதையே விட்டுவிடும், அல்லது நோட்டில் 280-ஐ 140 என்று எழுதும். அதை நம்பி மருத்துவர் சொல்லும் டோஸும் தப்பாகும். ‘வளர்ந்த பிள்ளை, தானே பார்த்துக்கொள்ளட்டும்’ என்பது இன்னொரு வாதம். ஊசி குத்துவது கைப்பழக்கம். அது சீக்கிரம் வரும். சாப்பிடப்போகும் மாவுச்சத்து, மாலை விளையாட்டு, இப்போதைய அளவு மூன்றையும் சேர்த்து டோஸ் கணக்கிடுவது தீர்மானம். அது மெல்லத்தான் வரும். எனவே பிறந்தநாளைப் பார்த்து மொத்தமாக ஒப்படைக்காமல், தேறிய வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பதே சரி.

ஜூலை 2

நள்ளிரவுச் சோதனைக்கு எப்போதும் அம்மாவே எழுந்திருக்கும் வீட்டில் நோயாளிகள் இரண்டு பேர்.

ஜூலை 11

அதட்டாமல் இருப்பதும் சோர்வு தருகிறது. அந்தப் பொறுமை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியவில்லை. அப்போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். இன்சுலின் ஊசி முதன்முதலில், 1922 ஜனவரி 11 அன்று, டொராண்டோவில் போடப்பட்டது லியனார்ட் தாம்சன் என்ற பதின்ம வயதுச் சிறுவனுக்கு. இந்த மருந்தின் வரலாறே இந்த வயதில்தான் தொடங்குகிறது. அதனால், மீட்டரில் 300 வந்தால் ‘என்ன தின்ன?’ என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘இப்ப எவ்வளவு போடணும், சேர்ந்து பார்ப்போமா?’ என்று கேளுங்கள்.