ஏற்காட்டுப் பாதையில் புது மோட்டார் சைக்கிள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். முடிவில் சுமார் 5,000 அடி உயரம். புதிய மோட்டார் சைக்கிளின் குணாகுணங்களை அறிய இதைவிடச் சிறந்த பரீட்சை மண்டபம் வேண்டியதில்லை. சமவெளியில் பரம சாதுவாயிருந்த வண்டியும் சேர்வராயன் மலையில் தன் குறைகளை வெளியிட்டு விடும்.

ஏறும்போது கியர் நழுவினால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் அபாயம். பல்சக்கரங்கள் பொருந்தாமல் இடையில் நின்றால், எஞ்சினின் பிடி சக்கரத்துக்கு இல்லாமற் போகிறது. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. அதுவோ வளைவுக்கு வளைவு சூடேறிப் பிடியை இழக்கிறது. ஆகையால் வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையில், கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏறின கியரிலேயே இறங்குவது மலைப்பாதையின் தர்மம்.

அடிவாரத்திலேயே சில பரிசோதனைகள் செய்யலாம். கிளட்ச் கம்பி அதிகமாய்த் தளர்ந்திருந்தால் கியர் முரண்டு பிடிக்கும். கைப்பிடி திரும்பும் கழுத்துப் பேரிங்கு அளவுக்கு மீறி இறுகியிருந்தால் வண்டி பாம்புபோல் நெளியும். டயரில் காற்று குறைந்தாலும் வளைவில் தடுமாறும்.

சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கிய நம் தேசம், இன்று உலகெங்கும் மோட்டார் சைக்கிள் அனுப்புகிறது. சுதேசிச் சரக்கு என்பதற்காகக் குறையை மூடி மறைப்பது தேசபக்தி ஆகாது. உத்தரவாதக் காலத்துக்குள் எழுத்துமூலம் தெரிவித்துச் சரிசெய்யச் சொல்வதே தொழிலுக்கும் நன்மை, உயிருக்கும் நன்மை. காப்பித் தோட்டங்களும் ஏரியும் அதுவரை காத்திருக்கும்.