மூன்றாவது காரின் சொந்தக்காரர்

இங்கிலாந்தில் மூன்றாவதாகக் கார் வாங்கியவர் விஸ்கி வியாபாரி டாமி டியூவராம். அவருக்கு முந்தியவர்கள் இரண்டே பேர், வேல்ஸ் இளவரசரும் தேயிலைக்கார லிப்டனும். விஸ்கி வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கதையை விடுவதே இல்லை. முதல்முறை படித்தபோதே எனக்கு உறுத்தியது. எங்கள் வீட்டில் லிப்டன் வெறும் தேயிலைப் பொட்டலம் இல்லை. இலங்கையில் அப்புத்தளைக்கு மேலே, 1890-இல் அவர் வாங்கிய தம்பத்தன்ன தோட்டத்தில்தான் என் தாத்தா கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தார். "சீமையிலேயே மொதக் காரு எங்க தொரையோடது" என்று அவர் சொன்னதாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இரண்டு கதையும் ஒன்றாக நிற்க முடியுமா?

கோத்தகிரியில் இருக்கும் பெரியப்பாவிடம் கேட்டேன். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர். தாத்தா சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

"பெரியப்பா, இளவரசர் எட்வர்ட் முதல் கார் வாங்கினதே 1900-லதான். டெய்ம்லர் கார். அவருக்குப் பின்னால வர்றவர் எப்படி மூணாவது ஆளா இருக்க முடியும்? 1896 நவம்பர்லயே லண்டன்ல இருந்து பிரைட்டனுக்கு ஒரு கூட்டமே கார் ஓட்டிப் போயிருக்கு."

"அது சாராயக்காரன் கதையப்பா. நம்ம தொர கதைக்கு அதுல என்ன சேதம்?"

"அதுக்கும் ஒரு வருசம் முந்தியே எவெலின் எல்லிஸ்னு ஒருத்தர் பிரான்ஸ்ல இருந்து பனார் காரை இறக்கி, 1895 ஜூலையில ஓட்டியிருக்காரு."

"ஓட்டுனாரு, சரி. அவருக்கு முந்தி யாரும் வாங்கலைன்னு எந்த ஏட்டுல எழுதி வச்சிருக்கு? தோட்டத்துப் பெரட்டு ஏட்டுல பேர் இல்லைன்னா ஆள் வேலைக்கு வரலைன்னு ஆயிடுமா?"

அந்தக் கேள்விதான் என்னை ஏட்டைத் தேட வைத்தது. கார்களைப் பதிவு செய்த பழைய பேரேடு ஒன்று கிடைத்தால் வரிசை தெரிந்துவிடும் என்று நம்பினேன். இங்கிலாந்தில் கார் பதிவு கட்டாயமானது 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தால். நடப்புக்கு வந்தது 1904 ஜனவரி 1. அதற்கு முன் யாரிடம் எத்தனை கார் என்று அரசாங்கம் எழுதிவைக்கவே இல்லை. லண்டனில் 'ஏ 1' என்ற எண்ணைப் பெற்றவர் ரஸ்ஸல் பிரபு. அது அவருடைய ஆர்வத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். அதற்குள் நாட்டில் ஆயிரக்கணக்கான கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதல், இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிச் சொல்ல ஆதாரமே கிடையாது. எண்ணவே முடியாத ஒன்றில் மூன்றாமிடத்தை யார் கொடுத்தார்கள்?

பெயராவது அகப்படுமா என்று அக்கால மோட்டார் இதழ்களின் ஸ்கேன் பக்கங்களைப் புரட்டினேன். இளவரசரை 1899-இல் தன் டெய்ம்லரில் ஏற்றிச் சென்ற ஜான் ஸ்காட் மாண்டேகுவே 1902-இல் 'தி கார்' என்ற இதழைத் தொடங்கியவர். அந்தக் காலத்து இதழ்களில் கட்டுரையைவிட விளம்பரங்களில்தான் என் கண் நின்றது. சின்னக் கார், விஸ்கி, டானிக், மூன்றும் ஒரே வீட்டின் கதவைத் தட்டின. லிப்டனின் பெயரைத் தேடுவதை அங்கேயே விட்டுவிட்டேன்.

அந்த வீட்டை இப்போது என்னால் பார்க்க முடிகிறது. கூரையில்லாத கார், முகத்தில் அறையும் குளிர், தொண்டையில் புழுதி. ஓட்டுகிறவருக்கு விஸ்கி. 1908-இல் டாம் பிரவுன் வரைந்த ஜானி வாக்கரின் நடைமனிதர் அப்படித்தான் பக்கங்களில் நடக்கத் தொடங்கினார். நரம்புத் தளர்ச்சி என்று படுத்த மனைவிக்கு டானிக். நார்விச் கோல்மன் கம்பெனியின் வின்கார்னிஸ், ஒயினில் இறைச்சிச் சாறும் மால்ட்டும் கலந்தது. மதுவைத் தொடாத வீடுகளிலும் மருந்து என்ற பெயரில் நுழைந்தது இந்த வகைச் சரக்கு. இதில் எனக்குக் கோபம்தான் வருகிறது. விஸ்கி போத்தல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது, டானிக் போத்தல் சொல்லவில்லை. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் ரகசிய மருந்துகளைப் பகுத்துப் பார்த்துப் புத்தகமே போட்டது. நாடாளுமன்றக் குழுவும் விசாரித்தது. அதன் அறிக்கை வெளிவந்த நாள் 1914 ஆகஸ்ட் 4, பிரிட்டன் போரில் இறங்கிய அதே நாள். அதை யார் படித்திருப்பார்கள்?

காரும் குடியும் ஒரே பக்கத்தில் இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தண்டித்த 1872-ஆம் ஆண்டுச் சட்டம் வண்டி, குதிரை, மாடு, நீராவி எந்திரம் என்றுதான் பேசியது. மோட்டார் வாகனத்தை வெளிப்படையாகச் சேர்த்தது 1925-ஆம் ஆண்டுச் சட்டம்.

டியூவரிடம் திரும்பினேன். 1898-லேயே சினிமாப் படத்தில் விஸ்கி விளம்பரம் செய்தவர் அவர். மூன்றாவது கார் கதையும் அந்தக் கையிலிருந்து வந்த சரக்கு என்றே நினைக்கிறேன். ஆனால் காருக்கு அவர் உண்மையிலேயே ஒன்று செய்திருக்கிறார். மோட்டார் சங்கத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். 1908-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் ஒற்றை சிலிண்டர் கெடிலாக் கார்கள் மூன்றை அக்கக்காகக் கழற்றி, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அராவி ஒட்டவைக்கும் வேலை இல்லாமல் எந்தப் பாகமும் எந்தக் காருக்கும் பொருந்தியது. கோப்பை கெடிலாக்குக்குப் போயிற்று, விளம்பரங்களிலும் ஏறியது. சில ஆண்டுகளில் மின்சார ஸ்டார்ட்டருக்காக அதே கம்பெனிக்கு அதே கோப்பை மறுபடி கிடைத்தது. மணிக்கட்டை முறிக்கும் கைப்பிடியைச் சுற்றத் தேவையில்லாமல் போனதும், கார் விற்பவர்கள் இருபதுகளில் வேறொருவரிடம் பேசத் தொடங்கினார்கள்: டானிக் குடிக்கச் சொல்லி உட்கார வைக்கப்பட்டிருந்த அந்த வீட்டுப் பெண்ணிடம், நீங்களே ஓட்டலாம் என்று.