செண்டு பிடித்த கை

தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கும் கோல்ஃப் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோல்ஃப் ஆடுவதற்குப் பரந்த புல்வெளி வேண்டும். எங்கள் பக்கத்திலோ ஒரு சாண் நிலம் சும்மா கிடந்தால் ஊரார் மனம் பொறுக்காது. நெல் விதைப்பார்கள், நெல் இல்லாவிட்டால் உளுந்து, வரப்பைக்கூட விடாமல் துவரை ஊன்றுவார்கள். அப்படிப்பட்ட சீமையில் பிறந்த என்னை இந்த விளையாட்டு நாற்பத்தைந்தாவது வயதில், உத்தியோக நிமித்தமாகக் கல்கத்தாவில் இருந்தபோது, பிடித்துக் கொண்டது. 1829-இல் அந்த நகரில் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்தான் பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழமையானது என்பார்கள். நான் ஆடியது அங்கே அல்ல. ஆபீஸ் நண்பர் ஒருவர் கூட்டிப் போன சின்ன மைதானத்தில்தான். ஆனாலும் காற்று ஒன்றுதானே? தொற்றிக் கொண்டது.

பதினெட்டு வருஷமாக ஆடுகிறேன். பெருமையாகச் சொல்லிக் கொள்ளும்படி ஆடுவதில்லை. என் மனைவியின் அபிப்பிராயத்தைக் கேட்டால் இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்: “நாலைந்து மைல் நடந்து, ஒரு பந்தை நூறு தடவை அடித்து, குழியிலே போட்டு, அப்புறம் நீங்களே குனிந்து எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். இதற்கு ஒரு பை வேறு!”

அந்தப் பையோடுதான் போன மாசி மாதம் ஊருக்குப் புறப்பட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பிரயாணத்தில் கண்ணை மூட மனம் வராது. எட்டு மைலுக்குள் ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. இரண்டு பாலங்களுக்கு நடுவே வாழைத் தோட்டமும் தென்னையும் வயலும். பெரிய கோயில் விமானத்தைப் பின்னால் விட்டுவிட்டு, ஆறு ஆறாக எண்ணிக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும்.

கண்டக்டர் என் பையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“நாயனமா சார்? எந்த ஊர்லே கச்சேரி?”

“இல்லை அப்பா, இது ஊதுகிறதில்லை. அடிக்கிறது.”

“தவில் இவ்வளவு ஒல்லியா இருக்காதே!” என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் குடமுருட்டிக் கரையில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. திண்ணையிலிருந்து அண்ணன் எழுந்து வந்து, “வாங்க” என்றார்.

இதில் என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என்னைவிட ஏழு வயது மூத்தவர். எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். ஐம்பது வருஷமாக என்னை “டேய்” என்றும் “வாடா” என்றும்தான் அழைத்துக் கொண்டிருந்தார். பத்து வருஷத்துக்கு முன் பாகத்தில் எனக்கு வந்த பத்து மா நிலத்தை, சென்னையில் வீடு வாங்குவதற்காக, வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டேன். பத்திரம் பதிவான பிறகுதான் அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, சண்டை போடவில்லை. அன்றையிலிருந்து “வாங்க, போங்க” என்று மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்த மரியாதையைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம்!

மறுநாள் விடிந்ததும் ஒரு மட்டையையும் நாலு பந்துகளையும் எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். சம்பா அறுவடை முடிந்திருந்தது. இந்தக் காலத்தில் அறுவடை மெஷின் வந்து ஒரே நாளில் வேலையை முடித்துவிடுகிறது. தாளடிகள் மட்டும் நின்றன. ஆஹா, எவ்வளவு பெரிய மைதானம் என்று காலை வைத்தேன்.

“தம்பீ! உளுந்தை மிதிக்கிறீங்களே!” என்று கிணற்றடியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

குனிந்து பார்த்தேன். தாள்களுக்கு நடுவே கையகலத்துக்கு உளுந்துச் செடிகள் தளதளவென்று நின்றன. எங்கள் பக்கத்து வழக்கம் இது: சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லுக்குப் பாய்ந்த ஈரத்திலேயே அது முளைத்து, பனியைக் குடித்து வளர்ந்துவிடும். உங்கள் வீட்டு இட்லிக்கு வருகிற உளுந்து இப்படிப் பிறந்ததாகக்கூட இருக்கலாம். இதை மறந்துவிட்டேனே என்று வெட்கத்தோடு வரப்பேறினேன்.

ஊர் எல்லையில் எங்கள் ஐயனார் உட்கார்ந்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து பார்த்த சாமிதான். அன்றைக்கு மட்டையும் கையுமாக எதிரே நின்றபோதுதான் கவனித்தேன், அவர் கையிலும் ஒரு மட்டை! நுனி வளைந்த கோல். அதற்குச் செண்டு என்று பெயர். தமிழில் செண்டு என்றால் வளைந்த கோல் என்றும் பொருள். விளையாடுகிற பந்து என்றும் பொருள். கல்லணை கட்டிய கரிகாலன் இமயமலையையே செண்டால் அடித்தான் என்று நம் முன்னோர் கதை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கோல்ஃப் ஆடினார்கள் என்று நான் சாதிக்கப் போவதில்லை. அந்த விளையாட்டு ஸ்காத்லாந்துக்காரர்களுடையது. 1457-இலேயே, வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று அந்த நாட்டில் கோல்ஃபுக்குத் தடை போட்டார்களாம். ஆனாலும், ‘நம் ஊர் சாமிக்கு இது புதிதல்ல’ என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆற்றில் இறங்கினேன்.

ஜனவரிக் கடைசியில் மேட்டூர் அணையை மூடிவிடுவது வழக்கம். மறுபடி ஜூன் 12-இல் திறந்தால்தான் தண்ணீர். ஆகையால் மாசியில் குடமுருட்டி முழுதும் மணல். நடுவில் நூல் போல ஒரு ஓடை. கோல்ஃப் மைதானங்களில் ஆட்டக்காரனைத் தண்டிப்பதற்கென்றே மணல் பள்ளம் வெட்டி வைத்திருப்பார்கள். அதில் பந்து விழுந்தால் என் கதி அதோகதிதான். இங்கேயோ பகவானே ஒரு ஆறு அளவுக்குப் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்!

அடித்தேன். பந்து நகரவில்லை. மறுபடி அடித்தேன். மணல் என் கண்ணில் விழுந்தது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கினேன். பந்து இன்னும் ஆழமாகப் புதைந்தது. பத்தாவது அடியோ பதினோராவதோ, கரையில் யாரோ கனைக்கும் சத்தம் கேட்டது. தோளில் மண்வெட்டியோடு அண்ணன் நின்று கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ!

“எதை அடிக்கிறீங்க?” என்றார்.

“பந்தைத்தான்.”

“பந்து மணல்லே இருக்கு. மணலை எடுத்தா அது தானா வருது.” சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். “இதை ஓங்குங்க.”

ஓங்கினேன். அவர் தலையில் அடித்துக் கொண்டார். “டேய்! இரும்புக்குன்னு ஒரு கனம் இருக்குடா. நீ ஏன் அதை அமுக்கறே? தூக்கறது உன் வேலை. இறங்கறது அது வேலை!”

அவருக்கே தெரியாமல் அந்த ‘டேய்’ வெளியே வந்துவிட்டது. நான் மூச்சு விடாமல் மட்டையை எடுத்தேன். பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் மணலில் கண்ணை வைத்தேன். தூக்கினேன், இறங்க விட்டேன். ‘சொத்’தென்று ஒரு சத்தம். ஒரு கைப்பிடி மணலோடு பந்து பூப்போல எழும்பி, கரைப் புல்லில் போய் உட்கார்ந்தது.

பெரிய ஆட்டக்காரர்கள் சொல்கிற பாடமும் இதுவேதான். மணலில் பந்தைத் தொடவே கூடாது. பின்னாலுள்ள மணலை அடித்தால் மணல் பந்தைத் தூக்கி வரும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சரஸன் இதற்கென்றே மட்டையின் அடிப்பாகத்தில் ஈயம் பற்றவைத்துக் கனமாக்கி, மணலுக்குள் புதையாமல் வழுக்கிப் போகும்படி செய்தார். 1932-இல் அந்த மட்டையோடு போய்ப் பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்தை ஜெயித்தார். நான் அதைப் புத்தகத்தில் பத்துத் தடவை படித்திருக்கிறேன். மண்வெட்டி பிடித்த கை ஒரே தடவையில் புரிய வைத்துவிட்டது.

பதினெட்டு வருஷத்தில் கற்றதையும் அந்த ஒரு காலையில் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது ஆடுகிறவர் இருந்தால் படித்துக் காட்டுங்கள்.

மட்டையை நாற்று முடியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். இறுக்கினால் நாற்று கசங்கிப் போகும். தளர்த்தினால் நழுவி விழும். நடவுப் பெண்களின் இடது கையைக் கவனித்தால் போதும். கையால் மட்டும் அடிக்கக் கூடாது. களத்தில் கதிரடித்தவர்களை நினைத்துப் பாருங்கள். இடுப்பும் தோளும் திரும்பும். கை சும்மா கூடவே வரும். அதனால்தான் அவர்களால் பொழுது சாயும் வரை அடிக்க முடிந்தது.

அடுத்தது, நீண்ட அடியில் மோகம் கொள்ளாதீர்கள். தேர்ந்த ஆட்டக்காரன் பதினெட்டுக் குழிகளையும் முடிக்க 72 அடி என்று மைதானம் கணக்கு வைத்தால், அதில் 36 அடி குழிக்கு அருகே பந்தை மெள்ள உருட்டுவதற்கு. சரிபாதி! குழியின் அகலம் நாலேகால் அங்குலம். நம் காப்பி டபராவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மைதானத்துக்குப் போகாமலே இதைப் பழகலாம். கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து, பத்தடி தூரத்திலிருந்து பந்தை உருட்டுங்கள். எங்கள் வீட்டில் இந்தப் பந்தயத்தில் என் மனைவிதான் ஜெயிக்கிறாள்.

பெண்களுக்கு இது புதிதல்ல. 1867-இலேயே ஸெயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கென்று தனி கிளப் தொடங்கினார்கள். நம் நாட்டுப் பெண் அதிதி அசோக், 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்ஸில் ஒரே ஓர் அடியில் வெண்கலத்தைத் தவற விட்டு நாலாவதாக வந்தாள். அந்த மைதானத்தில் அவளுடைய மட்டைப் பையைத் தோளில் சுமந்து கூடவே நடந்தவர் யார் தெரியுமா? அவளைப் பெற்ற தாயார்தான்!

சந்தோஷமாக ஆட வேண்டுமானால் போன அடியை மறந்துவிட்டு நடக்க வேண்டும். 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் காட்டெருமைகள் வந்து மேய்வதுண்டு. அது மேய்ந்து முடிக்கிற வரை எந்தச் சூரனும் நிற்க வேண்டியதுதான். அவசரப்பட்டு என்ன பிரயோஜனம்?

கடைசி விஷயம் ஒன்று உண்டு. அதுவும் அந்த மணலில்தான் நடந்தது.

வெயில் ஏறியிருந்தது. இருவரும் ஓடையில் கால் கழுவிக் கொண்டிருந்தோம். “எத்தனை அடின்னு யார் எண்றது?” என்று கேட்டார் அண்ணன்.

“அவரவர்தான். புதரிலே பந்தைத் தட்டிவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று விட்டுவிட முடியாது. தனக்குத் தானே ஒரு அடி கூட்டி எழுதிக்கொள்ள வேண்டும். சாதாரணமாக நாங்கள் ஆடும்போது நடுவர் என்று யாரும் இல்லை.”

அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம ராத்தண்ணி மாதிரின்னு சொல்லு” என்றார்.

எனக்குப் புரிந்தது. தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். நம் முறை நடுநிசியில் முடியும். கும்மிருட்டு, ஊரே தூங்கும். இன்னும் அரைமணி நேரம் மடையைத் திறந்து வைத்தால் கேட்பாரில்லை. ஆனால் அப்பா லாந்தரோடு எழுந்து போய் மடையை அடைத்துவிட்டு வருவார். எங்களையும் எழுப்பிக் கூட்டிப் போவார், பார்த்துக் கொள்ளட்டும் என்று.

பதினெட்டு வருஷமாக அடிகளைச் சரியாக எழுதி வந்தவன் நான். ஒரே ஓர் அடியைத்தான் எழுதாமல் விட்டிருந்தேன்.

“அண்ணே, அந்தப் பத்து மாவை விற்கறதுக்கு முன்னாலே உங்ககிட்டே சொல்லியிருக்கணும். நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துதான் சொல்லலே. தப்பு என் பேர்லே” என்றேன்.

அவர் குனிந்து மண்வெட்டியிலிருந்த மணலை ஓடைத் தண்ணீரில் அலம்பினார். நெடுநேரம் அலம்பினார்.

“வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார் கடைசியில். “அப்புறம் எங்கேயாவது கடன் வாங்கி நானே எடுத்திருப்பேன். சரி, விடு. அது போன அடி.” மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். “வாடா, அண்ணி இட்லியை வச்சுக்கிட்டுக் காத்திருப்பா.”

சென்னைக்குத் திரும்பும்போது பையில் மட்டைகளோடு இரண்டு படி புது உளுந்தும் திருவையாற்று அசோகாவும் இருந்தன. ஏறும்போது பார்த்தால் அதே கண்டக்டர்!

“என்ன சார், கச்சேரி எப்படி?” என்றார்.

“இந்தத் தடவை சுருதி சேர்ந்தது அப்பா!” என்றேன்.